வணக்கம், வாயில் காவலர்

"வணக்கம், வாயில் காவலர்!" என்றது மெஷின், குழைவான பெண் குரலில்.

ஸ்டிக்கர் மேடம் திரும்பிப் பார்த்தார். பின்னால் காவலர் யாரும் இல்லை. கட்டிங் மாஸ்டர்தான் நின்றிருந்தார். சிரிப்பை அடக்கப் பாடுபட்டதில் அவர் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"ஏதோ தப்பா விழுந்திருக்கும் மேடம். இன்னொரு தடவை நில்லுங்க."

மேடம் இன்னொரு தடவை நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். முகவாயை நிமிர்த்தினார். போட்டோவுக்கு நிற்பதுபோல் லேசாகச் சிரித்தும் வைத்தார்.

"வணக்கம், வாயில் காவலர்! உங்கள் வருகை பதிவாகிவிட்டது."

மாடிப்படி வரைக்கும் நீண்டிருந்த வரிசையில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் மேடத்தின் அசல் பதவி தலைமைத் தர ஆய்வாளர். ஆனால் அந்த நீளப் பெயரை யாரும் சொன்னதில்லை. கோணல் காலர், ஏறி இறங்கிய பாக்கெட், விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். சட்டை தப்புத்தண்டா இல்லாமல் இருந்தால் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர். அவர் பச்சை ஒட்டி அனுப்பிய சட்டை திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கைப்பையில் மற்றவர்கள் சீப்பு வைக்கும் இடத்தில் இவர் சிவப்பும் பச்சையுமாக இரண்டு சுருள் வைத்திருப்பார்.

இப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான், வந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகாத ஒரு வருகைப்பதிவு மெஷின், வாயில் காவலர் என்கிறது. முகத்தைப் பார்த்துப் பதவியைச் சொல்லி வணக்கம் வைக்கும் மெஷின் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. வாங்கி மாட்டிவிட்டார். அது கட்டிங் மாஸ்டரைச் சரியாகச் சொல்கிறது. இஸ்திரி போடுகிறவரைச் சரியாகச் சொல்கிறது. தினமும் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வரும் கணக்காளரைக்கூடச் சரியாகச் சொல்கிறது. மேடத்திடம் மட்டும்தான் அதற்கு இந்தக் குசும்பு.

மேனேஜர் உடனே மெஷின் கம்பெனி டெக்னீஷியனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பாகப் போயிற்று.

"மெஷின் தப்பே பண்ணாது சார்" என்றார் டெக்னீஷியன். "ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரம், மூக்கோட நீளம், தாடை எலும்பு, கண்ணுக்குக் கீழ இருக்கிற பை, எல்லாத்தையும் அளந்து பாத்துட்டுத்தான் வாயைத் திறக்கும். அது காவலர்னு சொன்னா அது காவலர் மூஞ்சிதான்."

"யோவ், காவலருக்கு மீசை இருக்குய்யா!"

"மீசையை எல்லாம் அது கணக்குலயே எடுக்காது சார். எலும்பைத்தான் பாக்கும். நான் நேர்ல வந்து பாக்கறேன், ஆனா அடுத்த வாரம்தான் முடியும்."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. எலும்பே காவலர் எலும்பா?

வேறொரு வாரமாக இருந்தால் இதைச் சிரித்துத் தள்ளியிருப்பார். ஆனால் முந்தின நாள்தான் முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு அறிவிப்பு செய்திருந்தார். பெரிய ஆர்டரோடு, சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வரப்போகிறார்கள். அவர்களை வாசலில் நின்று வரவேற்கப்போவது ஸ்டிக்கர் மேடம். வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கப்போவதும் மேடத்தின் போட்டோ. "நீங்கதாம்மா நம்ம கம்பெனியோட முகம்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தார். இத்தனை வருஷம் அடுத்தவர் தைத்த காலரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மேடம், அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தலை நிமிர்ந்து நடந்தார்.

இப்போது அந்த முகம்தான் தகராறு.

மேடம் எல்லாரையும் பார்த்து ஒரே ஒரு கட்டளை போட்டார். "இந்த விஷயம் காவலர் காதுக்குப் போகக் கூடாது. பாவம், மனுஷன் சங்கடப்படுவார்."

*

"நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று சாயங்காலம் கணவரிடம் கேட்டார்.

பஸ் டெப்போவில் மெக்கானிக்கான கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நல்லாத்தான் இருக்கே" என்றார்.

"பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாக்காம என்ன? தினமும்தானே பாக்கறேன்."

மேடம் விஷயத்தைச் சொன்னார். கணவர் பேப்பரை மடித்தார். மனைவிக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று மனுஷனுக்கு உண்மையிலேயே எண்ணம்தான். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்க காவலர் நல்ல கம்பீரமான ஆளுதானே!"

அதற்குப் பிறகு அன்றிரவு அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

மறுநாள் விடிந்ததும் நாத்தனார் குட்டி வந்து இறங்கினாள். குட்டி ஒரு பியூட்டி பார்லரில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். அழகு சம்பந்தமாக உலகத்தில் உள்ள எல்லா வீடியோவையும் பார்த்திருப்பவள். ஊசியைக் கண்டால் மயங்கி விழுவாள் என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை.

"அண்ணி, இதெல்லாம் ஒரு விஷயமா? என் கையில விட்டுடுங்க!"

கிரீம் பூசினாள். அது காய்வதற்குள் இன்னொரு கிரீம் பூசினாள். கன்ன எலும்புக்கு நிழல், மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல், கண்ணுக்குக் கீழே வெள்ளை. கண் மேலே ஏறவேண்டும் என்று கொண்டையை இழுத்துக் கட்டியதில் மேடத்துக்குக் கண்ணை மூடவே முடியவில்லை.

"வலிக்குதுடி."

"அழகுன்னா வலிக்கத்தான் அண்ணி செய்யும்."

அந்த முகத்தோடு தொழிற்சாலைக்குப் போய் மேடம் மெஷின் முன்னால் நின்றார். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தயவுசெய்து முகமூடியை அகற்றவும்" என்றது மெஷின்.

மேடம் கழிவறைக்குப் போய், வருகிற கோபத்தையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றார்.

"வணக்கம், வாயில் காவலர்! இன்று தாமதமாக வந்திருக்கிறீர்கள்."

*

மத்தியான இடைவேளையில் மேடம் கேட்டுக்குப் போனார். காவலரை இத்தனை வருஷமாக வணக்கம் சொல்லிக் கடந்து போயிருக்கிறாரே தவிர, நின்று பார்த்ததில்லை. இன்றைக்குச் சட்டையைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தார். கண்ணுக்குக் கீழே பை இருக்கிறதா? இருக்கிறது. தனக்கும் இருக்கிறது. மூக்கு நுனியில் ஒரு சின்ன உருண்டை? இருக்கிறது. ஐயோ, தனக்கும் இருக்கிறதோ? வாயோரத்தில் இரண்டு கோடு, அகலத் தாடை... பார்த்துக்கொண்டே மேடம் தன் தாடையைத் தடவி அளந்து பார்த்தார்.

காவலர் மட்டும் வழக்கத்தைவிடத் தெளிச்சலாக இருந்தார். மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கியிருந்தார். யாருடைய பைக்கோ நின்றிருக்க, அதன் கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், என்னையே பாக்கறீங்க?" என்றார் வெட்கத்தோடு.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"இல்ல மேடம், கொஞ்ச நாளா என் முகத்துல ஏதோ ஒரு மாற்றம். எனக்கே தெரியுது. வீட்லயும் சொல்றாங்க."

"என்ன மாற்றம்?"

"அதைச் சொல்லக் கூடாது மேடம், கண்ணு பட்டுடும்."

தங்கமான மனுஷன். மேடத்துக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. மெஷினில் எல்லார் முகத்தையும் பதிவு செய்த அன்றுகூட அப்படித்தான். அந்த டெக்னீஷியன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, தலையை லேப்டாப்பில் இருந்த பதவிப் பட்டியலுக்குள் விட்டுக்கொண்டு, "அடுத்த ஆள், அடுத்த ஆள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். காவலர் முறை வந்ததும் அவர் ஒதுங்கி நின்று, "கால் கடுக்க நிக்கறீங்களே மேடம், நீங்க முன்னாடி போங்க" என்று வழி விட்டார். அப்படிப்பட்டவரின் முகம் தனக்கு இருப்பதில் என்ன கேவலம் என்று மேடம் மனசைத் தேற்றிப் பார்த்தார். மனசு தேறவில்லை.

சாயங்காலம் குட்டிக்கு அவரே போன் செய்தார்.

"ஏண்டி, இந்த முகத்தை ஆபரேஷன் பண்ணி மாத்தறாங்களாமே. அதைப் பத்தி உனக்குத் தெரியுமா?"

மறுமுனையில் சந்தோஷக் கூச்சல் கேட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடம் ஆரம்பித்தது. குட்டி போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தாள்.

"கண்ணுக்குக் கீழ பை இருக்கு பாருங்க அண்ணி, அது உள்ள இருக்கிற கொழுப்பு. இமை முடிக்கு ஒட்டினாப்பல கீறி எடுப்பாங்க. இல்லேன்னா இமைக்கு உள்பக்கமாவே கீறி எடுப்பாங்க, தழும்பே வெளிய தெரியாது. கன்னத்துல பள்ளம் இருந்தா ஃபில்லர்னு ஒரு ஊசி. பள்ளத்தை ரொப்பிடும், ஆனா கொஞ்ச மாசத்துல கரைஞ்சுடும். சுருக்கத்துக்கு வேற ஊசி, அதுவும் நிரந்தரம் இல்ல. தோல் தொங்கினா மொத்தமா இழுத்துத் தைக்கறது."

"எங்கே தைப்பாங்க?"

"காதோரமா."

தையல் என்றதும் மேடத்துக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் சுருங்குமேடி. சட்டையில தோளைப் பிடிச்சா கை ஏறிக்கும். அப்புறம் கையைப் பிரிக்கணும். கையைப் பிரிச்சா அக்குள்ல சுருக்கம் விழும்."

"அதுக்குத்தான் அண்ணி மொத்தமா எல்லாத்தையும் சேத்துப் பண்ணிக்கிறது!"

குட்டி கிளம்பிப் போனதும் மேடம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றார். எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துகொள்ளாமல் டாக்டரிடம் போய் நிற்க அவருக்கு இஷ்டமில்லை. கைப்பையைத் திறந்தார். இடது பை, ஒரு சிவப்பு அம்பு. வலது பை, ஒரு அம்பு. மூக்கு நுனி, வாயோரக் கோடு இரண்டு, புருவத்துக்கு நடுவில் ஒன்று, கழுத்தில் மூன்று. ஒட்டிக்கொண்டே போனதில் ஒரு கட்டத்தில் முகத்தைவிட அம்பு அதிகமாகிவிட்டது.

கை கழுவ வந்த கணவர் கதவைத் திறந்தார். "ஐயையோ!" என்று அலறிவிட்டார். "என்னடி இது, முகமெல்லாம் கொப்புளமா? வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போகப்போறேன். பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட."

என்ன சொன்னாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வோம் என்பது போன அனுபவத்தில் கணவருக்குத் தெரிந்திருந்தது. "உன் இஷ்டம்" என்றார். அதுவும் தப்பான பதில்தான். "அப்போ நான் அசிங்கமா இருக்கேன்னு ஒத்துக்கறீங்க?" என்று வந்தது அடுத்த கேள்வி.

இதற்குள் குட்டி இன்னொரு உபகாரம் செய்திருந்தாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாக்கெடுப்பு வைத்துவிட்டாள். "அண்ணிக்கு எதை மாத்தலாம்? கண், மூக்கு, தாடை, எல்லாமும்."

குடும்பம் மூன்று கட்சியாகப் பிரிந்தது. மேடத்தின் சொந்தத் தம்பி மூக்குக் கட்சி. கொழுந்தனார் தாடைக் கட்சி. ஒரு பெரியம்மா கண்ணுக்கும் போட்டு, மூக்குக்கும் போட்டு, "இதோட அவ கோபத்தையும் மாத்த முடியுமான்னு டாக்டரைக் கேளு" என்று எழுதியிருந்தார். மேடத்துக்கு அதுவரை மூக்கைப் பற்றிப் பெரிதாக ஒரு புகாரும் கிடையாது. இப்போது மூக்குத்தான் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாமும்" என்பதற்கு மட்டும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. மேடம் பெயரைப் பார்த்தார். கணவர்.

"என்னங்க இது?" போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்னது?... ஓ, அதுவா? கண்ணாடி போடலை. குட்டி ஏதோ மாத்தலாமான்னு கேட்டிருந்தா. சோபா உறையாக்கும்னு நினைச்சேன்."

"சோபாவுக்குத் தாடை இருக்கா?"

கணவர் டெப்போவில் அவசர வேலை என்று கிளம்பிப்போனார். ஞாயிற்றுக்கிழமை!

*

அதன்பிறகு மேடம் யாரையும் நம்பவில்லை. தானே படித்தார். பெரிய ஆஸ்பத்திரிகள் போட்டிருந்த விளக்கங்களைப் படித்தார். எதற்குக் கத்தி, எதற்கு ஊசி, எது நிற்கும், எது கரையும், எதில் கண் வறண்டு போகலாம், எதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வராமல் போகலாம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார். ஆபரேஷனுக்கு முன்னால் எந்த மாத்திரையை எல்லாம் நிறுத்தச் சொல்வார்கள் என்பது முதற்கொண்டு தெரிந்துகொண்டார்.

தெரிந்துகொண்டதில் ஒரு இடி காத்திருந்தது. கண்ணில் கை வைத்தால் கொஞ்ச நாள் முகம் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கிக் கிடக்கும். மூக்கில் கை வைத்தால் வீக்கம் முழுசாக வடிந்து அசல் மூக்கு தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். பையர்கள் வருவதோ இந்த வாரக் கடைசியில்.

மேடம் மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், அந்தப் போட்டோவைத் தள்ளி வைக்க முடியுமா?"

"எவ்வளவு நாள்?"

"ஒரு வருஷம்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், பையர்களை வாசல்லயே ஒரு வருஷம் நிக்க வைக்க முடியாதே!"

"அப்போ வேற யாரையாவது போட்டுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டார் மேடம். மாடிப்படி இறங்கும்போது கண் கலங்கிவிட்டது. கலங்கினால் பை இன்னும் வீங்குமே என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

கம்பெனியின் புதிய முகம் கட்டிங் மாஸ்டர் என்று முடிவானது. அவர் அன்றைக்கே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, அது காதிலும் இறங்கி, இரண்டு காதும் கறுப்பாக மறுநாள் வேலைக்கு வந்தார். மெஷின் அவரை அப்போதும் சரியாகச் சொன்னது. மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

*

சர்ஜன் ஒரு பெண். டாக்டரம்மாவின் அறையில் வெளிச்சம் தாராளமாக இருந்தது. மேடம் உட்காருவதற்குள் கேட்க ஆரம்பித்தார்.

"ஆபரேஷனை நீங்களே பண்ணுவீங்களா, வேற யாராவது பண்ணுவாங்களா?"

"நானேதான்."

"மயக்க மருந்து கொடுக்க தனியா டாக்டர் உண்டா?"

"உண்டு."

"உங்ககிட்ட பண்ணிக்கிட்டவங்க போட்டோ, முன்னாடி பின்னாடி, நல்லா வந்ததை மட்டும் இல்லாம, சுமாரா வந்ததையும் காட்டுவீங்களா?"

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காட்டறேன்."

"சரியா வரலேன்னா திரும்பத் திருத்த முடியுமா? எவ்வளவு நாள் கழிச்சு? ஊசியிலேயே முடியறதுக்குக் கத்தி எதுக்கு? ஒண்ணுமே பண்ணாம விட்டா என்ன ஆகும்?" மேடம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கடைசியா ஒண்ணு. நாங்க சட்டை தைக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். தப்பாப் போனா பிரிச்சுக்கலாம். தப்பா வெட்டிட்டா வேற துணி எடுப்போம். இதுல?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வேற துணி கிடையாது. அதனாலதான் நாங்க கொஞ்சமா வெட்டறோம், நிறைய யோசிக்கறோம். இவ்வளவு விவரமாத் தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க ரொம்பக் கம்மிம்மா." எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். படங்கள் காட்டினார். எதையும் மறைக்கவில்லை, எதையும் விற்கவும் இல்லை. பிறகு கேட்டார்:

"இப்போ என் முறை. எதை மாத்தணும்?"

"மெஷினுக்குக் கண்ணுக்குக் கீழ இருக்கிற பை பிடிக்கலை டாக்டர். என் தம்பி கட்சி மூக்குங்கறாங்க. கொழுந்தனார் தாடைங்கறார். நாத்தனார் மொத்தமா இழுத்துத் தைக்கச் சொல்றா. எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் மாத்தணும்னு ஓட்டுப் போட்டிருக்கார், ஆனா அது சோபாவுக்கு."

டாக்டரம்மாவுக்கு எல்லாம் புரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் புரியவேண்டியது புரிந்துவிட்டது. மேஜையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"அவங்க யாரும் இங்க இல்லையே. நீங்க பாருங்க. உங்களுக்கு உறுத்தறது எது? அதைச் சொல்லுங்க, அதுக்கு என்ன வழின்னு பாப்போம். தாராளமா பண்ணிக்கலாம். ஆனா உறுத்தறது உங்களுக்கா இருக்கணும்."

மேடம் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கண் தானாகவே பழகின வேலையைச் செய்தது. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக. இடது கண் பை, வலது கண் பை: இரண்டும் ஒரே அளவு, ஜோடி பிசகவில்லை. மூக்கு: நேராக இறங்குகிறது, நுனியில் உருண்டை, அது அப்பாவிடமிருந்து வந்தது, டிசைனே அப்படித்தான். வாயோரக் கோடு: மடிப்புத்தான், கிழிசல் இல்லை. சிரித்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்கியது. புருவ நடுவில் ஒரு கோடு: கோணல் காலரைப் பார்த்துப் பார்த்து விழுந்தது, அது வேலை கொடுத்த அடையாளம்.

இந்தச் சட்டை தன் மேஜைக்கு வந்திருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். யோசிக்க ஒன்றுமே இல்லை.

கைப்பையைத் திறந்து பச்சைச் சுருளை எடுத்தார். ஒன்றை உரித்துத் தன் நெற்றி நடுவில் அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

"பாஸ்!" என்றார் உரக்க.

டாக்டரம்மா எழுந்து நின்று கை குலுக்கினார். "எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோட்டுக் காலர் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் ஒட்டிவிட்டார்.

வீட்டில் கணவர் கதவைத் திறந்தார். நெற்றியைப் பார்த்தார். முன்ஜாக்கிரதையாக மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது என்ன?"

"பாஸ் ஆயிட்டேன்."

"இதுக்கா டாக்டர்கிட்ட போனே? நான்தான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒட்டிட்டேனே!"

மேடம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்த மனுஷன் இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

*

மறுநாள் மேனேஜர் அறைக்குள் பச்சை ஸ்டிக்கரோடு நுழைந்தவர், "சார், சுவர்ல என் போட்டோவே இருக்கட்டும், வாசல்லயும் நானே நிக்கறேன்" என்றார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் கட்டிங் மாஸ்டர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தெய்வமே! காதுச் சாயம் இன்னும் போகலை மேடம். நீங்களே நில்லுங்க!"

ஆளுயரப் போட்டோ சுவரில் ஏறியது. பையோடும் கோட்டோடும், அப்பா மூக்கோடும், ஒரு இடம்கூடத் திருத்தாமல்.

பையர்கள் வந்தார்கள். மேடம் வாசலில் நின்று வரவேற்றார். மெஷினைக் காட்டவேண்டும் என்று முதலாளிக்கு ஒரே துடிப்பு. அன்றைக்கென்று பார்த்து டெக்னீஷியனும் வந்து, காதில் பாட்டோடு ஓரமாக நின்றிருந்தார்.

"மேடம், கொஞ்சம் நின்னு காட்டுங்களேன்" என்றார் முதலாளி. விஷயத்தை அவரிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் மெஷின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார்.

"வணக்கம், வாயில் காவலர்!"

கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதைப் பையர்களுக்குச் சொன்னார். பையர்கள் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தார்கள், மேடத்தைப் பார்த்தார்கள், குழம்பினார்கள்.

மேடம் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"ஆமா! காவலர்தான்!" என்றார் கணீரென்று. "இத்தனை வருஷமா இந்த வாசலைத் தாண்டி ஒரு கோணல் காலர் வெளிய போனதில்லை. நான் இங்க நிக்கற வரைக்கும் போகவும் போகாது. மெஷின் சரியாத்தான் சொல்லுது!"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் கட்டிங் பிரிவிலிருந்து கைதட்டல் கிளம்பி, தையல் பிரிவுக்குப் பரவி, கட்டிடமே அதிர்ந்தது. பெரிய பையர் முன்னால் வந்து மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே முதலாளியிடம் ஏதோ சொன்னார். ஆர்டரை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர். முதலாளி தன் யோசனைதான் இதெல்லாம் என்பதுபோலச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். மேடத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. பை வீங்கினால் வீங்கட்டும் என்று தாராளமாக விட்டார்.

கூட்டம் கலைந்ததும் டெக்னீஷியன் காதிலிருந்து பாட்டைக் கழற்றினார். லேப்டாப்பைத் திறந்து மெஷினில் வயரைச் செருகினார்.

"மேடம், உங்களுக்கு மட்டும்தானே கோளாறு? இப்பவே சரி பண்ணிடறேன்."

அவ்வளவுதான், கேட்டிலிருந்து காவலர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முறுக்கிய மீசை துடிக்க, மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், சார், கெஞ்சிக் கேக்கறேன், அதுல கை வச்சுடாதீங்க! தினமும் காலைல கேட்டைத் திறந்ததும் முதல் ஆளாப் போய் நிக்கறேன், அது என்னைப் பாத்து 'வணக்கம், தலைமைத் தர ஆய்வாளர்'னு சொல்லுது. இந்த மீசையோடயே மேடத்தோட களை எனக்கு வந்துடுச்சுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்!"